சுழியமும் ஒரு பதிவுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர்கள் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை மகிழ்ச்சி தந்தது. ஆனால் படமெடுத்துச் செயலியில் ஏற்றுவதோடு அது நின்றுவிட்டது. ஓர் இனம் எங்கே இருக்கிறது என்பதற்குப் படம் சான்று. அந்த இனம் பெருகுகிறதா, அருகுகிறதா என்று அறிய, ஒரே தடத்தில் ஒரே முறையில் வாராவாரம் நடந்து எண்ணத்தான் வேண்டும்.

இங்கிலாந்தின் மாங்க்ஸ் வுட்டில் சூழலியலாளர் எர்னஸ்ட் பொலார்டு 1973இல் சோதித்த முறையே இதற்குப் போதும். பிரிட்டனின் பட்டாம்பூச்சிக் கண்காணிப்புத் திட்டம் 1976 முதல் அதைத்தான் பின்பற்றுகிறது. இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் 5 மீட்டர். அதற்குள் வருபவற்றை மட்டும் சீரான நடையில் எண்ண வேண்டும். முதுகுக்குப் பின்னால் பறப்பது கணக்கில் இல்லை. தொடங்குபவர்களுக்கு அரை கிலோமீட்டர் தடம் போதும்.

பூத்துக் குலுங்கும் புதரைக் கண்டதும் கால் நின்றுவிடும். அங்கே பத்து நிமிடம் நின்றால் அந்த வாரக் கணக்கே வீங்கிவிடும். படமெடுக்க நின்றால் எண்ணுவதையும் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கூட்டமாகப் போவதும் சிக்கல்தான். இருபது பேரின் கண்ணில் படுவது ஒருவர் கண்ணில் படாது. ஆகவே எண்ண ஒருவர், எழுத ஒருவர். மற்றவர்கள் பின்னால் வந்து பழகட்டும்.

சின்னஞ்சிறு நீல வகைகளை இனங்காண இறக்கையின் அடிப்பக்கப் படம் தேவை. பிளெயின் டைகர் என்ற பட்டாம்பூச்சியைப் போலவே தோன்றும் டனாயிட் எக்ஃப்ளை என்ற வேறோர் இனத்தின் பெண்ணுக்குப் பின்னிறக்கையின் மேல்விளிம்பில் ஒரே ஒரு கரும்புள்ளி இருக்கும். பிளெயின் டைகருக்கோ பின்னிறக்கை நடுவில் மூன்று, நான்கு. அப்படியும் தெளிவில்லையென்றால் அது சேர்ந்த பட்டாம்பூச்சிக் குழுவின் பெயரை மட்டும் எழுதலாம். ஊகித்து எழுதிய இனப்பெயரைப் பிறகு யாராலும் திருத்த முடியாது.

ஒன்றுமே தென்படாத நாளில் பலர் தாளைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அன்று யாரும் போகவில்லையா, போயும் ஒன்றும் தென்படவில்லையா என்று பின்னால் ஆராய்பவருக்கு எப்படித் தெரியும்? நேரமும் வானிலையும் குறித்து, எண்ணிக்கைக்கு நேரே 0 என்று எழுதியே ஆக வேண்டும்.

தேர்வுக் காலத்தில் தொடர் அறுபடும். முன்கூட்டியே எண்ணவும் எழுதவும் ஒரு மாற்று இணையைப் பழைய இணையோடு சில வாரம் நடக்கவிட்டு, இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெப்பநிலை, மேகம், காற்று, தடப்பகுதி, இனம், எண்ணிக்கை என்ற கட்டங்களோடு ஒரு படிவத்தை அடுத்த இதழில் அச்சிட்டால், மாணவர்கள் நகலெடுத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்