மெகுரோ ஸ்டேஷனில் இறங்கும் கயலுக்கு

அன்பு மகள் கயலுக்கு, அப்பா எழுதுவது.

உன் கம்பெனியை இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளப் போகிறது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. எனக்கு மெகுரோ ஞாபகமாகவே இருக்கிறது. நீ தினமும் இறங்குகிற இடம் உனக்கு ஸ்டேஷன். பட்டறையில் தலை நரைத்த எனக்கு அது ஒரு பைக்கின் பெயர்.

மெகுரோ பைக் கம்பெனி, 1924-ல் டோக்கியோவில் முராத்தா, சுஸுகி என்று இருவர் தொடங்கியது. (பைக் கம்பெனி சுஸுகி வேறு, இவர் வேறு.) ஆரம்பத்தில் அவர்கள் முழு வண்டி செய்யவில்லை. கியர்பாக்ஸ் செய்து மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். உன்னைப் போலவே பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டியவர்கள், கயல்! 1937-ல்தான் சொந்த வண்டி வந்தது: இசட்97, 500 சிசி, ஒற்றை சிலிண்டர். போலீஸுக்கே வண்டி கொடுக்கும் அளவுக்குப் பெயர் எடுத்தார்கள். அவ்வளவு காலம் கியரிலேயே கை பழகியதுதான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

போருக்குப் பிறகு ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்ட பைக் கம்பெனிகள் முளைத்தன. பெரும்பாலானவை இருந்த இடம் தெரியாமல் போயின. மெகுரோ தாக்குப்பிடித்தது. ஆனால் ஜனங்கள் சின்ன வண்டி, லேசான வண்டி பக்கம் போனார்கள். இவர்கள் பலமே கனமான ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டிகள். நீண்ட வேலைநிறுத்தம் வேறு. 1960-ல் கவாசாகியோடு கைகோத்து, 1964-ல் அதற்குள்ளேயே கரைந்துபோனது.

பெயர்தான் போனது. மெகுரோ அப்போது செய்த கே1, இரட்டை சிலிண்டர், இங்கிலாந்தின் பிஎஸ்ஏ ஏ7 பைக்கின் சாயல். அப்படி ஒரு பிஎஸ்ஏ எஞ்சினை என் குருநாதர் பிரித்துப் போட்டதை இருபது வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கவாசாகியிடம் அப்போது அப்படிப்பட்ட பெரிய எஞ்சின் கிடையாது. கே1-இன் கிராங்க் பகுதியை (பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்கும் தண்டு) பலப்படுத்தி 1965-ல் கே2 கொண்டுவந்தார்கள். அதையே 624 சிசி ஆக்கி 1966-ல் டபிள்யூ1. வாங்கியவர்கள், வந்தவர்களின் எஞ்சின் மேல்தான் நின்றார்கள். 2021-ல் கவாசாகியே மெகுரோ கே3 என்று பழைய பெயரை டேங்க்கில் பதித்து விற்றது.

நீ வரைந்த கியர் டிராயிங் எல்லாம் பத்திரமாக இருக்கிறதல்லவா? புது ஆட்கள் வந்ததும் முதலில் அதை எடுத்துக் காட்டு.

மெகுரோ சாலையில் பஸ்ஸில் போனால் ‘பழைய பந்தயத் திடல்’ என்று ஒரு நிறுத்தம் வரும். ஜப்பானின் முதல் டெர்பி குதிரைப் பந்தயம் 1932-ல் ஓடிய இடம். அடுத்த வருஷமே திடல் ஃபுச்சூவுக்குப் போய்விட்டது; நிறுத்தத்துக்கு இன்னும் அதே பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா