அஞ்சாவது கிளாஸ் ஒயின் கையில இருக்கும்போது கையெழுத்து போடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல, ஒயினுக்கு பேர் போன கலிபோர்னியாவோட நாபா பள்ளத்தாக்கு பத்தி வந்த சுற்றுலா கட்டுரைய படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை, எழுதினவரும் நல்லா ரசிச்சு தான் எழுதியிருக்கார். ஆனா முடிக்கற இடத்துல, பிடிச்ச ஒயினரியோட (ஒயின் தயாரிக்கற இடம்) கிளப்ல சேர்ந்துட்டு வாங்க, வருஷம் பூரா வீடு தேடி பாட்டில் வரும்னு போற போக்குல ஒரு வரி சொல்லிட்டு போயிட்டார் பாருங்க, அந்த ஒரு வரிக்காக தான் இந்த லெட்டர். அத மாதிரி ஒருத்தர் சொன்னத கேட்டு கைய சுட்டுக்கிட்டவன் நான்.

பத்து வருஷத்துக்கு மேல கலிபோர்னியாவுல வேலை பாக்கறேன், வீட்டுக்கு யாராவது வந்தா நாபாவுக்கு கூட்டிட்டு போறது வழக்கம். போறது வேஸ்ட்னு நான் சொல்லவே மாட்டேன். ஒயின ருசி பாக்க குடுக்கற டேஸ்டிங் ரூமோட நிக்காம பீப்பாய் அடுக்கி வச்சிருக்கற குகைக்குள்ள கூட்டிட்டு போற இடமா பாத்து புக் பண்ணுங்க. வெளில வெயில் கொளுத்தும், உள்ள போனா ஸ்வெட்டர் போடலாமான்னு இருக்கும், ஈர மரமும் புளிச்ச வாசனையும் கலந்து ஒரு நெடி வரும். ஒரு பீப்பாய் 225 லிட்டர், கிட்டத்தட்ட 300 பாட்டில். மரம் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆவியா போயிட்டே இருக்கறதால அப்பப்போ மேல ஊத்தி நிரப்பிட்டே இருக்காங்க. பீப்பாய்ல இருந்து சாம்பிள் எடுக்க நீளமா ஒரு கண்ணாடி குழாய் வச்சிருப்பாங்க, அதுக்கு அவங்க வச்சிருக்கற பேரே 'திருடன்' தான்! ஒரு தடவ அந்த திருடன விட்டு ரெண்டு பீப்பாய்ல இருந்து ஒரே தோட்டத்து ஒயின எடுத்து குடுத்தாங்க, ஒரு பீப்பாய் பிரெஞ்சு ஓக் மரத்துல செஞ்சது, இன்னொன்னு அமெரிக்கன் ஓக். அமெரிக்கன் பீப்பாய்ல இருந்தது வெனிலாவும் தேங்காயும் தூக்கலா அடிச்சுது, பிரெஞ்சுது அடக்கமா இருந்துச்சு. அதே திராட்சை, அதே வருஷம். மரத்துக்கு இவ்ளோ வேலை இருக்குன்னு அன்னிக்கு தான் எனக்கு புரிஞ்சுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். டேஸ்டிங்ல ஒரு கிளாஸ்ல ஊத்தறது ஒரு 30 மில்லி இருக்கும். அஞ்சு வகைன்னா 150 மில்லி, ஒரு முழு கிளாஸ் கணக்கு. இது ஒரு இடத்துல. மத்தியானத்துக்குள்ள மூணு இடம் போறவங்கள நான் பாத்திருக்கேன், ஏன் நானே போயிருக்கேன். மேசை மேல ருசி பாத்துட்டு துப்பறதுக்குன்னே ஒரு ஜாடி வச்சிருப்பாங்க, நம்மாளுங்க காசு குடுத்தத துப்பறதான்னு அது பக்கமே போக மாட்டாங்க. ஆனா அந்த தொழில்ல இருக்கறவங்க அத்தன பேரும் துப்பறாங்க, அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல. (வண்டி ஓட்டறவர் கண்டிப்பா துப்பணும், இல்ல தொடவே கூடாது, இங்க ரத்தத்துல 0.08 சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே கேஸ்.)

வரிசைல கடைசியா ஊத்தறது அவங்ககிட்ட இருக்கறதுலயே ஒசத்தியான கேபர்னேங்கற சிவப்பு ஒயின். அத ஊத்திட்டு தான் அந்த ஃபாரத்த எடுத்து முன்னாடி வைப்பாங்க. இன்னிக்கே கிளப்ல சேர்ந்தா டேஸ்டிங் ஃபீஸ் கிடையாது சார்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. நாங்க நாலு பேர் போயிருந்தோம், நாலு பேர் ஃபீஸ கூட்டிப் பாத்தா எனக்கு கிளப்பே ஓசில கிடைக்கற மாதிரி தோணிச்சு, கையெழுத்து போட்டுட்டேன். அந்த காகிதத்துல வருஷத்துக்கு நாலு தடவ, தடவைக்கு ஆறு பாட்டில், குறைஞ்சது மூணு ஷிப்மென்ட் எடுக்காம விலக முடியாதுன்னு பொடி எழுத்துல இருந்தத வீட்டுக்கு வந்து மறுநாள் காலைல தான் படிச்சேன்.

முதல் பெட்டி வந்துச்சு. நான் மயங்கி நின்ன அந்த கேபர்னே அதுல ஒரு பாட்டில் கூட இல்ல. அது மேல் வகை மெம்பருக்காம், என் வகைக்கு ஒயினரி என்ன தேர்ந்தெடுத்து அனுப்புதோ அது தானாம். மூணு பாட்டில் ரோஸேங்கற இளஞ்சிவப்பு ஒயின், மூணு பாட்டில் சார்டனேங்கற வெள்ளை ஒயின். அந்த சார்டனே வெண்ணெய உருக்கி ஊத்தின மாதிரி இருந்துச்சு. நொதிக்கும்போது ஆப்பிள்ல இருக்கற மாதிரியான காட்டமான புளிப்ப பால் புளிப்பா மாத்தி விடுவாங்க, அதுல இருந்து வர்ற வாசனை அது. அதுக்குன்னே உயிர விடறவங்க இருக்காங்க, எங்க வீட்ல ஒருத்தருக்கும் ஆகல. தப்பு ஒயின்ல இல்ல, என்ன வரும்னு கேக்காம சேர்ந்த என்கிட்ட தான்.

ரெண்டாவது பெட்டி இன்னும் மோசம். செப்டம்பர் மாசம், நல்ல வெயில். மதுன்னா 21 வயசான ஒருத்தர் கையெழுத்து போட்டு தான் வாங்கணும், வாசல்ல வச்சிட்டு போக முடியாது. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல. மூணு நாள் அந்த பெட்டி டெலிவரி வண்டிலயே ஊர் சுத்தியிருக்கு. பிரிச்சு பாத்தா ரெண்டு பாட்டில்ல கார்க் வெளில தள்ளிட்டு நிக்குது, மேல சுத்தின தகடு உப்பிட்டு, கழுத்தெல்லாம் பிசுபிசுன்னு. சூட்டுல ஒயின் விரியும், கார்க்க தள்ளும், உள்ள வாசனை எல்லாம் வெந்து போயிடும். வாய்ல வச்சா ஜாம் சட்டிய வழிச்ச மாதிரி இருந்துச்சு. போன் பண்ணா, எங்க கைய விட்டு போகும்போது நல்லா தானே இருந்துச்சுங்கறாங்க. ரொம்ப நேரம் பேசி ஒரு பாட்டில் மாத்தி குடுத்தாங்க.

விலகறதும் லேசுல முடியல, போன்ல தான் முடியும், அதுவும் ஆபீஸ் நேரத்துல. ஆன்லைன்ல சேர்ந்தவங்க ஆன்லைன்லயே கேன்சல் பண்ண வழி வைக்கணும்னு கலிபோர்னியாவுல 2018 ஜூலைல இருந்து சட்டம் இருக்கு. நான் காகிதத்துல சேர்ந்தவன். இத படிக்கறவங்க யாராவது சேர்ந்தே தீருவேன்னா, டேஸ்டிங் ரூம்ல சரி சரின்னு தலையாட்டிட்டு வந்து, ரெண்டு நாள் கழிச்சு தெளிவா இருக்கும்போது வெப்சைட்ல சேருங்க. ரெண்டு நாள் கழிச்சும் அந்த ஒயின் ஞாபகம் இருந்தா தான் அது உங்களுக்கு பிடிச்ச ஒயின்.

சேர்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேக்கணும். பாட்டில நானே தேர்ந்தெடுக்கலாமா? எத்தன ஷிப்மென்ட் கட்டாயம்? வெயில் காலத்துல அனுப்பாம நிறுத்தி வைப்பீங்களா? நேர்ல வந்து எடுத்துக்கலாமா? முதல் கேள்விக்கு இல்லன்னு பதில் வந்தா மீதி மூணையும் கேக்கவே வேணாம், எழுந்து வந்துடுங்க. நல்ல கிளப்ல எல்லாம் பெட்டி கிளம்பறதுக்கு முன்னாடி மெயில் வரும், இத எடுத்துட்டு அத வைங்கன்னு நாமளே மாத்திக்கலாம். எங்க நண்பர் ஒருத்தர் அப்படி ஒன்னுல ஏழெட்டு வருஷமா சந்தோஷமா இருக்கார், அதனால எல்லாமே ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல வரல.

கிளப்னாலே ஒயினரி நடத்தறது தான்னும் இல்ல. இங்கிலாந்துல 1874ல ஆரம்பிச்ச 'தி ஒயின் சொசைட்டி' ஒரு கூட்டுறவு சங்கம். லண்டன் ஆல்பர்ட் ஹால்ல நடந்த கண்காட்சிக்கு வந்த ஒயின் பீப்பாய் விக்காம கிடந்து, அத தீக்கறதுக்கு நடத்தின விருந்துகள்ல இருந்து பிறந்தது. பங்கு வாங்கினா மெம்பர், அவ்ளோ தான், மாசா மாசம் இவ்ளோ வாங்கியே ஆகணும்னு எந்த கட்டாயமும் இல்ல. ஒரே தோட்டத்த நம்பாம பல நாட்டு ஒயின ருசி பாத்து வாங்கறதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்க. புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த மாதிரி தான் சரின்னு நினைக்கறேன்.

ஜெர்மனில மோசல் ஆத்துப் பக்கம் ஒரு தடவ போனப்போ கிளப்புங்கற பேச்சே வரல. ஏணி வச்சு ஏறணும் போல ஒரு சரிவுல, ஸ்லேட்டுக் கல்லுக்கு நடுவுல திராட்சைக் கொடி. கீழ வீட்டு வாசல்ல பூ கட்டி தொங்கவிட்டிருந்தா உள்ள ஒயின் கிடைக்கும்னு அர்த்தம். திராட்சைத் தோட்டம் வச்சிருக்கறவங்களே இந்த மாதிரி வீட்டுக் கடைய வருஷத்துல நாலு மாசத்துக்கு மிகாம நடத்தறாங்க, 40 பேருக்கு மேல உக்கார இடம் போடக்கூடாதுன்னு விதி. அந்த வீட்டு பாட்டியம்மாவே ரீஸ்லிங்ங்கற வெள்ளை ஒயின ஊத்தினாங்க. எனக்கு இனிப்பு ஆகாதுன்னு மூஞ்சிய பாத்தே கண்டுபிடிச்சு, லேபிள்ல 'ட்ரோக்கன்'ங்கற வார்த்தைய விரல வச்சு காட்டினாங்க. இனிப்பு இல்லாததுன்னு அர்த்தமாம். அந்த ஒரு வார்த்தை இன்னிக்கு வரைக்கும் கடைல எனக்கு சோறு போடுது, என் கிளப் பெட்டில வந்த பளபள அட்டைங்க ஒன்னும் கத்து தரல.

கட்டுரைல இன்னும் ரெண்டு இடம் இடிச்சுது. பழசாக பழசாக ஒயின் ஒசந்துக்கிட்டே போகும்னு எழுதியிருக்கார். பெரும்பாலான ஒயின் வாங்கி ஒன்னு ரெண்டு வருஷத்துல குடிச்சிடறதுக்காகவே செய்யறது, பத்து இருபது வருஷம் தாங்கறது கொஞ்சம் தான், கிளப்ல வந்தத பத்திரமா மூடி வச்சு வீணாக்கிடாதீங்க. அப்புறம் இதயத்துக்கு நல்லதுங்கற பழைய பாட்டு. குடியில பாதுகாப்பான அளவுன்னு ஒன்னு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில தெளிவா சொல்லிடுச்சு. ருசிக்காக குடிக்கறேன்னு சொல்லிட்டு போகலாம், மருந்துன்னு சொல்ல வேணாம். இத மட்டுமாவது அடுத்த வாரம் திருத்தமா போடுங்க.

கட்டுரைல அவர் பாராட்டின, கலிபோர்னியா ஒயினும் பிரெஞ்சு ஒயினும் மோதின 1976 பாரிஸ் போட்டி கதை நிஜம் தான். ஆனா முக்கியமான விஷயத்த விட்டுட்டார். பிரெஞ்சு நடுவர்களுக்கு லேபிள மறைச்சு ஊத்தினதால தான் கலிபோர்னியா ஒயினரிங்களான ஷாட்டோ மோண்டெலீனாவோட சார்டனேயும் ஸ்டேக்ஸ் லீப்போட கேபர்னேயும் ஜெயிச்சுது, பேர பாத்திருந்தா ஜெயிச்சிருக்குமாங்கறது சந்தேகம். நாங்க இப்ப அதையே வீட்ல பண்றோம். ஒரு கிளப்ல சேரலாமான்னு யோசிக்கும்போது அந்த ஒயினரியோட ஒரு பாட்டிலும் அதே திராட்சைல கடைல கிடைக்கற சாதா பாட்டில் ரெண்டும் வாங்கி, மூணையும் பழைய பேப்பர்ல சுத்தி நம்பர் போட்டு ஊத்தறோம். இது வரைக்கும் நாலு தடவ பண்ணியாச்சு, மூணு தடவ கடை பாட்டில் தான் முதல்ல வந்துச்சு.

இப்படிக்கு,
கலிபோர்னியாவுல இருந்து ஒரு வாசகன்