பழுதுபார்க்க அனுப்பிய மைப்பேனாவின் நிப்பைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: தங்கள் மைப்பேனாவை 12 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிஸ்டன் பழுதுக்காக அனுப்பிய பேனாவில் என் ஒப்புதல் இல்லாமல் நிப் மாற்றப்பட்டது தொடர்பாக

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனம் தயாரித்த, 18 கேரட் தங்க நிப் பொருத்திய, பிஸ்டனால் மை உறிஞ்சும் பேனா ஒன்றை 12 ஆண்டுகளாக நாள் தவறாமல் பயன்படுத்தி வருகிறேன். சில மாதங்களுக்கு முன் அதன் வால்பக்கக் குமிழ் இறுகிப்போய், பாதி மை ஏறியதுமே திருக முடியாமல் நின்றுவிட்டதால், தங்கள் பழுதுபார்ப்பு மையத்துக்கு அனுப்பி வைத்தேன். உடன் வைத்த படிவத்தில் குறையை எழுதும் இடத்தில் பிஸ்டனைப் பற்றி மட்டுமே குறிப்பிட்டு, அதன் கீழே 'நிப் நன்றாக எழுதுகிறது, அதைத் தொட வேண்டாம்' என்று தனி வரியாக எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன். 7 வாரங்கள் கழித்துப் பேனா வந்து சேர்ந்தது. பிஸ்டன் இப்போது தடங்கலின்றிச் சுழல்கிறது. அந்த வேலையைச் செய்தவருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள். ஆனால் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது கழுத்தில் இருந்தது என் நிப் அல்ல.

இதைப் பற்றித் தங்கள் பிரிவுக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு, 'பழைய நிப் தேய்ந்திருந்ததால் புதியது பொருத்தப்பட்டது, இதற்குக் கட்டணம் எதுவும் வசூலிக்கப்படவில்லை' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பழைய நிப் என்ன ஆயிற்று என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. நன்மை செய்வதாக நினைத்தே இதைச் செய்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அதனால்தான், இழந்தது என்ன என்பதைத் தங்களுக்குப் புரியும்படி சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

இந்தப் பேனாவை நான் வாங்கியது, நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு நூலுக்குக் கிடைத்த தொகையில். அதற்கு முன் பால்பாயின்ட் பேனாவால் எழுதிப் பழகியவன். நாலு பக்கம் எழுதினால் கட்டைவிரல் அடியில் வலி கண்டுவிடும். பால்பாயின்ட்டில் இருப்பது பசைபோன்ற கெட்டி மை. அழுத்தி உருட்டினால்தான் தாளில் இறங்கும். மைப்பேனாவில் இருப்பதோ தண்ணீர் மை. நுனி தாளைத் தொட்ட மாத்திரத்தில் தந்துகிக் கவர்ச்சியால், அதாவது நுண்ணிய இடைவெளிகளில் திரவம் தானே ஊர்ந்து செல்லும் இயல்பால், மை தானாக இறங்குகிறது, கை செய்ய வேண்டியது பேனாவை நகர்த்துவது மட்டும்தான். இந்த வேறுபாட்டைப் படித்து அறிந்துகொள்வது வேறு, விரலால் அறிவது வேறு. வாங்கிய முதல் வாரத்தில் பழக்க தோஷத்தால் அழுத்தி எழுதிவிட்டு, பிறகு மெல்ல மெல்லக் கை தளர்ந்து, பேனாவின் சொந்த எடையே எழுதப் போதுமானது என்று கண்ட நாளை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். அன்று 11 பக்கம் எழுதினேன், வலி இல்லை.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் இன்பம் உண்டு. நம் எழுத்துகள் வளைவும் சுழியுமாக அமைந்தவை. 'ண' எழுதும்போது சுழித்துச் சுழித்துப் போகும் கோடு எங்கும் தடைபடாமல், வளைவில் சற்றே மை கூடி நிறம் அடர்ந்து, நேர்கோட்டில் மீண்டும் வெளிறி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பேனாவைக் குத்த வேண்டியதில்லை. நுனியால் தாளைத் தொட்டு எடுத்தால் உருண்டையாக ஒரு புள்ளி நிற்கும். (எழுத்தாணி காலத்தில் ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள் என்பதை நினைத்தால், அந்த ஒரு தொடுகைக்கே நான் மகிழ்ந்துபோவேன்.) ஒரு பக்கத்துக்கு எத்தனை புள்ளிகள் வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், நான் சொல்வது மிகையல்ல என்று தெரியும்.

ஞாயிறு காலையில் மை நிரப்புவது எனக்கு எழுதுவதற்கு ஈடான இன்பம். குமிழை இடப்பக்கம் திருகிப் பிஸ்டனை இறக்கி, நிப் முழுவதும் முங்குமாறு புட்டியில் அமிழ்த்தி, வலப்பக்கம் மெல்லத் திருகும்போது குழலின் கண்ணாடிச் சாளரத்தில் மை ஏறி வரும். பிறகு மூன்று சொட்டு மையைத் திரும்பப் புட்டியில் விட்டுவிட்டு, நிப்பை மேல்நோக்கிப் பிடித்துக் குமிழை முடிவு வரை திருகி, பழைய பருத்தித் துணியால் நிப்பையும் கழுத்தையும் ஒற்றி எடுப்பேன். அந்த மூன்று சொட்டை விட மறந்தால் அன்று முழுவதும் பேனா கக்கும். நான் பயன்படுத்துவது இரும்பு உப்பும் மாசிக்காயின் துவர்ப்பும் சேர்ந்து கறுக்கும் வகை மை. எழுதும்போது நீலமாக இறங்கி, காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேரச் சேர மெல்லக் கறுத்துப் போகும். காலையில் எழுதிய பக்கத்தை மாலையில் எடுத்துப் பார்த்தால் எழுத்து வேறு நிறத்தில் நிற்கும். அமிலத்தன்மை உள்ள இந்த மை எஃகு நிப்பைக் காலப்போக்கில் அரிக்கக்கூடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. தங்க நிப்புப் பேனாவை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஆடம்பரம் காரணமில்லை, இதுதான் காரணம்.

இனி நிப்பின் தேய்மானத்துக்கு வருகிறேன். 18 கேரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு தங்கம் என்பதும், அந்தத் தங்கம் தாளைத் தொடுவதே இல்லை என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. தாளைத் தொடுவது அதன் நுனியில் பற்றவைத்திருக்கும், ஆஸ்மியம், ருத்தேனியம் போன்ற கடின உலோகங்கள் கலந்த ஒரு சிறு மணி. அந்த மணி அவ்வளவு எளிதில் தேயாது. ஆண்டுக்கணக்கில் ஒருவரே, ஒரே கோணத்தில் பிடித்து எழுதினால்தான், அவர் பிடிக்கும் சாய்வுக்கு ஏற்ப அதன் அடியில் மிகச் சிறிய ஒரு தட்டைப் பகுதி உருவாகும். நான் பேனாவைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துப் பிடிப்பவன். என் நிப்பை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் இடது மூலையில் அந்தத் தட்டை, எண்ணெய் தடவியதுபோல மின்னும். அந்த இடம் தாளில் படும்போது எழும் மிக மெல்லிய சரசரப்பைக் கொண்டே, கண் பார்க்காமலேயே, சரியான கோணத்தில் பிடித்திருக்கிறேன் என்று கை அறியும். தங்கள் பணியாளர் தேய்மானம் என்று கண்டது இதைத்தான். 12 ஆண்டுகளில் ஆறு நூல்களின் கையெழுத்துப்படியும், இப்போது உயிரோடு இல்லாத என் தந்தைக்கு எழுதிய கடிதங்களும் சேர்ந்து உருவாக்கிய வடிவம் அது. பேனாவோடு தாங்கள் தந்த சிறு கையேட்டிலேயே, 'நாளடைவில் இந்த நிப் உங்கள் கைக்குப் பழகிவிடும், வேறொருவருக்கு இரவல் தராதீர்கள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை நான் முழுமையாக நம்பி நடந்துகொண்டேன். கைக்குப் பழகுவதைச் சிறப்பாகச் சொல்லி விற்றுவிட்டு, பழகிய பின் அதையே குறையாகக் கொண்டு கழற்றிப் போடுவது எந்த வகையில் முறையாகும்?

புதிய நிப் நன்றாக எழுதியிருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேன். ஆனால் அது நன்றாகவும் எழுதவில்லை. 'க' எழுதத் தொடங்கினால் முதல் கோடு தாளில் விழுவதில்லை. இரண்டாவது முறை இழுத்தால்தான் மை வருகிறது. சொரசொரப்பான தாளில் இந்தக் குறை குறைவாகவும், வழவழப்பான தாளில் மிகுதியாகவும் இருக்கிறது. லென்ஸில் பார்த்தேன். நிப்பின் நடுவே மை இறங்கி வரும் பிளவின் இரு பக்க உள்விளிம்புகளும் அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டு, நுனி நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு மேடுகளாக நிற்கிறது. பிளவின் வழியாக இறங்கும் மை அந்தப் பள்ளத்தின் உள்ளேயே நின்றுவிடுகிறது. தாளைத் தொடுபவை இரு பக்க மேடுகள் மட்டுமே. வழுக்கிக்கொண்டு எழுத வேண்டும் என்பதற்காகத் தேய்த்துத் தேய்த்து, எழுதவே விடாமல் செய்துவிட்டார்கள்.

அதோடு, நிப்புக்கு அடியில் இருந்து மையை ஊட்டும் எபோனைட் (கெட்டி ரப்பர்) கட்டைக்கும் புதிய நிப்புக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி தெரிகிறது. 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவிலிருந்து இன்றுவரை மைப்பேனா வேலை செய்யும் அடிப்படை ஒன்றுதான்: மை வெளியே வரும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும், அதை ஒழுங்குபடுத்துவது இந்தக் கட்டையில் உள்ள நுண்ணிய வாய்க்கால்கள். நிப் அதன்மேல் படிந்து உட்காராவிட்டால் மை சில நேரம் வறண்டும் சில நேரம் பெருகியும் வரும். எபோனைட்டைச் சுடுநீரில் காட்டி இளக்கி நிப்புக்குப் பொருந்துமாறு அழுத்திவிடுவது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் அறிந்த எளிய வேலை. அதையும் செய்யாமல், பழைய நிப்புக்குப் படிந்திருந்த கட்டையின்மேல் புதியதைச் செருகி அனுப்பியிருக்கிறீர்கள்.

பேனாவின் உடலையும் மெருகேற்றி, மூடியின் விளிம்பில் என் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்த இடத்தைப் பளபளப்பாக்கியிருக்கிறீர்கள். அதையும் நான் கேட்கவில்லை. ஆயினும் அதைப் பொறுத்துக்கொள்கிறேன். விரல் படப்பட மீண்டும் மங்கிவிடும்.

எனவே நான் கேட்பது இதுதான். என் பழைய நிப்பைத் தேடி எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். அடையாளம் காண்பது கடினமல்ல: அதன் இடது தோளில் ரோடியம் பூச்சு அரிசி அளவுக்குத் தேய்ந்து உள்ளிருக்கும் மஞ்சள் தங்கம் தெரியும், பிளவு முடியும் இடத்தில் உள்ள மூச்சுத்துளைக்குக் கீழே, 18 கேரட்டைக் குறிக்கும் 750 என்ற முத்திரையின் மேல், நீக்க முடியாத கருநீல மைக்கறை ஒன்றும் உண்டு. அது கிடைத்தால் பேனாவை மீண்டும் அனுப்புகிறேன். கட்டையோடு சேர்த்துப் பொருத்தி, எழுதிப் பார்த்து, எழுதிய தாளையும் உடன் வைத்து அனுப்புங்கள். ஒருவேளை அந்த நிப்பை உருக்கவோ அழிக்கவோ அனுப்பிவிட்டிருந்தால், அதை மறைக்காமல், எந்த நாளில் யார் முடிவின்பேரில் அது நடந்தது என்று எழுத்தில் தெரிவியுங்கள். அந்த நிலையில், நுனியைக் கையால் தீட்டும் தங்கள் மூத்த கைவினைஞர் ஒருவர், நான் பேனா பிடிக்கும் கோணத்தையும் என் கையெழுத்தையும் பார்த்துப் புதிய நிப் ஒன்றைத் தீட்டித் தர வேண்டும். பழையதற்கு அது ஈடாகாது என்றாலும் ஏற்றுக்கொள்வேன்.

மேலும், தங்கள் பழுதுபார்ப்புப் படிவத்தில் 'நிப்பை மாற்றச் சம்மதமா?' என்ற கேள்வி இல்லவே இல்லை. அதைச் சேருங்கள். மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தாலும், கழற்றிய நிப்பைச் சிறு உறையில் இட்டுப் பேனாவோடு திருப்பி அனுப்புவதை விதியாக்குங்கள். கழற்றிய பிறகும் அது வாடிக்கையாளரின் உடைமைதான், தங்கள் கழிவு அல்ல.

இக்கடிதத்துடன் இரண்டு தாள்களை இணைத்துள்ளேன். முதல் தாள், பேனாவை அனுப்பிய நாளில் பழைய நிப்பால் எழுதியது. இரண்டாவது தாள், திரும்பி வந்த நாளில் அதே மையால், அதே வகைத் தாளில், அதே பத்தியைப் புதிய நிப்பால் எழுதியது. மை விழாமல் விட்டுப்போன இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன், மொத்தம் 23. நுனியைப் பெரிதாக்கி எடுத்த படம் ஒன்றும் உண்டு. பேனாவை மை நீக்கிக் கழுவி உலர்த்தி அதன் பெட்டியில் வைத்திருக்கிறேன். தங்கள் பதில் வரும்வரை அதில் மை நிரப்பப் போவதில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள், நிப் தங்களிடம் இருக்கிறதா இல்லையா என்பதையாவது தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்