செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. இரண்டு சொற்பொழிவுகள் நடந்தன. அலமாரிகள் பழுது பார்க்கப்பட்டன.

மற்ற நேரமெல்லாம் நம்மிடமுள்ள பழைய கடிதங்கள், பதிவேடுகள் போன்ற ஆவணங்களை மின்னாக்கும் வேலைக்கே போனது. "ஸ்கேன் எடுத்தாயிற்றே, ஏன் இன்னும் பொதுப் பார்வைக்கு வரவில்லை?" என்று பலர் கேட்டீர்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் கைப்பேசியில் எடுத்த படங்களில் கட்டின் ஓரத்து வரிகள் வளைந்து மறைந்துவிட்டன. எந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் எது என்று எங்களுக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னவன் நான்தான். மரக்கூழ்க் காகிதம் தன் அமிலத்தாலேயே நொறுங்கும். இரும்பு கலந்த பழைய மை தாளையே அரிக்கும். இரண்டாம் முறை புரட்டியபோது சில தாள்களின் ஓரம் உதிர்ந்தது. அது இன்னும் என்னை உறுத்துகிறது. மூன்றாம் முறை கூடாது என்றுதான் இப்போது அங்குலத்துக்கு 400 புள்ளிகளில் எடுத்து, படத்தின் நுணுக்கம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைக்கிறோம். மூன்று நகல்கள், ஒன்று வேறு கட்டடத்தில். உறைகளையும் விடுவதில்லை. தேதியில்லாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் சாட்சி.

சரி, படம் இருக்கிறது. யார் யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு, எதைப் பற்றி? இதை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பதிய வேண்டும். அச்செழுத்தைக் கணினி ஓரளவு படித்துவிடும்; பழைய கையெழுத்தில் நிறையத் தடுமாறும். பட்டியல் முடிந்தது பழைய உறுப்பினர் பதிவேடு ஒன்றுக்கு மட்டும்தான். அதில் தன் பாட்டியின் கையொப்பத்தைத் தேடிக் கண்டெடுத்த மாணவி அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. மற்ற கட்டுகளிலும் யாருடைய பாட்டியோ இருப்பார். பட்டியல் வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். விடாமல் வந்தவர்கள் மூன்று பேர்.

இன்னொன்று: கடிதம் நம் கையில் இருப்பதால் அதை வெளியிடும் உரிமையும் நமக்கு வந்துவிடாது. எழுதியவர்களின் வாரிசுகளைத் தேடிக் கேட்கிறோம். அதற்கும் நாளாகிறது.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தாவாக வந்ததைவிடச் செலவு சற்றுக் கூடுதல்; பெரும்பகுதி வன்தட்டுகளுக்கு. இரண்டு ஆண்டு சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். பெயர் சொல்லப்போவதில்லை.

ஸ்கேனரை இரவல் தந்தவருக்கும், தணிக்கையாளருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வன்தட்டு எதுவும் நிரந்தரமல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிது வாங்கி நகல் மாற்ற வேண்டும். வரும் ஆண்டில் அந்தச் செலவு வருகிறது. அப்புறம், கடிதக் கட்டுகள் பிரித்தபடி மேசைமேல் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்கு அறை திறந்திருக்கும். பழைய கையெழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே சொல்லித் தருகிறேன்.

செயலாளர்