இலையிலிருந்து எழுந்து போன பிள்ளைக்காக

பர்மாவில் யாங்கோன் (பழைய ரங்கூன்) அருகே, சிரியம் பக்கத்துக் கோயில் நிர்வாகத்தாருக்கும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, அன்னதானப் பந்தி. சாப்பிடும் முன் எல்லாரும் தேவாரம் பாடினார்கள். என் தம்பி மகன் பாடவில்லை. பதினேழு வயசுப் பிள்ளை, தலையைக் குனிந்து பேசாமல் உட்கார்ந்திருந்தான். பந்தி விசாரித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "கும்பிடாதவனுக்கு எதுக்குப்பா இலை?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டார். பிள்ளை எழுந்து போய்விட்டான். மடிக்காத இலையில் சோறு அப்படியே இருந்தது. சாம்பார் ஓரத்தில் வழிந்து பாயை நனைத்தது. அன்றைக்குப் பிறகு வீட்டுப் படையலுக்கும் அவன் வருவதில்லை. அப்பாயி அமாவாசைக்கு அமாவாசை அவன் பங்கு வடையை எடுத்து மூடி வைத்துக் காத்திருக்கிறார். இந்த மடலை எழுத வைத்தது அந்த வடைதான்.

எனக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. சும்மா வாயசைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறீர்கள். குறையும் ஐயா. இலை போட்டு, தண்ணீர் சுற்றி, சாம்பிராணி காட்டி, காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு அப்பாயி கண்ணை மூடுகிறபோது, போன தாத்தாவிடமே பேசுகிற மாதிரி இருக்கும் அவர் முகம். அவர் பக்கத்தில் நின்று நான் பொய்யாக முணுமுணுத்தால் அவரைத்தான் ஏமாற்றுகிறேன். அதனால் கைகட்டி நிற்கிறேன். கற்பூரம் அணையும்வரை இலையில் கை வைக்க மாட்டேன். அண்ணி வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவார்கள், கைகோத்துக்கொள்வார்கள். கையைக் கொடுப்பேன், "ஆமென்" சொல்ல மாட்டேன். அண்ணி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பாடு எடுத்து வைப்பதிலும் குறை வைத்ததில்லை.

நம்பாதவர்கள் இந்த ஊர்த் தமிழரிடையே நேற்று முளைத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1954 டிசம்பரில் இதே ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குப் பெரியார் வந்தார், அம்பேத்கரும் வந்திருந்தார். சுயமரியாதை பேசியவர்கள் அந்தக் காலத்திலேயே நம் தெருக்களில் இருந்தார்கள். அவர்களும் கோயில் கட்டியவர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மியர் வீட்டில் 'ஊச்சா' என்று ஒரு வழக்கம் உண்டு, பார்த்திருப்பீர்கள். முதல் அகப்பைச் சோறு வீட்டு மூத்தவர் தட்டுக்குப் போகும். அவர் வெளியூரில் இருந்தாலும் முதல் பிடியை எடுத்து ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். சித்தப்பா கட்டியது பர்மியப் பெண்ணை. சின்னம்மா விடிகாலையில் புத்தருக்குச் சோறு படைப்பது தனி. இந்த ஊச்சா பெரியவர்களுக்கானது. அந்த வீட்டில் முதல் அகப்பையை அள்ளி வைப்பது யார் தெரியுமா? பந்தியில் எழுந்து போனானே, அதே பிள்ளை. யாரும் சொல்லாமலே செய்வான். மரியாதை தெரியாதவன் என்று அவனைச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம்பாத தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: தேவாரம் முடிவதற்குள் அப்பளத்தை நொறுக்காதீர்கள், போனை எடுக்காதீர்கள், இலைக்கு முன்னால் வாதம் வேண்டாம். வாதத்துக்கு டீக்கடை இருக்கிறது. பாடச் சொன்னால், "வேற யாராவது பாடட்டும் மாமா, நான் பரிமாறுறேன்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்குங்கள்.

பெரியவர்களே, உங்களிடம் கேட்பது இரண்டுதான். பந்தியில் யார் வாய் அசைகிறது, அசையவில்லை என்று பார்க்காதீர்கள். பசித்து உட்கார்ந்தவனுக்கு இலை போடுங்கள். அன்றைக்கு அப்படிக் கேட்டவர் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசினால் போதும். மன்னிப்பு என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

வருகிற ஆடி அமாவாசைக்கு நான் சிரியம் வருகிறேன், அவனையும் கூட்டிக்கொண்டு. அப்பாயிக்குப் பக்கத்தில் இரண்டு இலை போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளை