மூன்றாம் கட்டில் நடந்த சமையல்

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

கோவையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்பதைப் படித்து மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம். கார்த்திகை மழையில் வளவின், அதாவது வீட்டின் உள்முற்றத்தின், ஓரத்தில் ஒழுகிய ஓடுகளை ஆள் வைத்து மாற்றினோம். வேறு செய்தி இல்லை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் உன் பேரன் கதைப் புத்தகங்களை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறான், ஆனால் உரைப்பத்தி வினாக்களில் மட்டும் மதிப்பெண்ணை இழக்கிறான் என்று வருந்தியிருந்தாய். ஓய்வு பெற்ற நாள்முதல் மாலையில் எங்கள் திண்ணையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவனுக்குப் பத்தி நன்றாகவே புரிந்திருக்கும், வினாவில் உள்ள ஏதோ ஒரு சொல்தான் அவனைத் தடுக்கிவிட்டிருக்கும்.

சென்ற மாதம், வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை வார்த்து, அதன்மேல் மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவையை இட்டு அழுத்துவதையும், சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே அதற்கு உறுதி ஏற்றுவதையும், கண்ணாடியில் படிந்த பக்கமே தரையில் மேற்புறமாவதையும் அதில் சொல்லியிருந்தேன். ‘பத்தியின்படி, கல் எவ்வாறு உறுதி பெறுகிறது?’ என்பது முதல் வினா. கல் பட்டறையில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி, எந்த மணல் நல்லது, கலவையில் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தாள். ஊறவைப்பதை மட்டும் எழுதவில்லை. அது யாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டாளாம். மதிப்பெண் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, “ஐயா, நான் எழுதியதில் எது பொய்?” என்று கேட்டாள். எதுவும் பொய்யில்லை. அன்று இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

மறுநாள் அவளுக்கு ‘பத்தியின்படி’ என்ற சொல்லை விளக்க நன்னூலைத் துணைக்கு அழைத்தேன். பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறார் அல்லவா? அவற்றுள் தேர்வு வினா அறிவினா. கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். நமக்கு அது தெரிகிறதா என்பதே அவர் அறிய விரும்புவது. ஆகவே நம் வீட்டு அறிவைத் திண்ணையிலேயே இறக்கி வைத்துவிட்டு, பத்திக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டாள், அரை மனத்தோடு.

‘குறிப்பிடுவது’ என்பதற்கும் ‘உணர்த்துவது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பமானது. கல்லின் பளபளப்புக்குக் காரணம் என்னவென்று நான் பத்தியில் எழுதவே இல்லை. ஆனால் கண்ணாடியில் படிந்த பக்கமே மேற்புறம் என்றதிலிருந்து அதை உய்த்துணரலாம். ‘குறிப்பிடும் காரணம் யாது?’ என்றால் வரியைத் தேட வேண்டும். ‘உணர்த்தும் காரணம் யாது?’ என்றால் இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இரண்டுக்கும் வரியையே தேடுகிறார்கள். கிடைக்காதபோது கையில் அகப்பட்ட வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். ‘பொருந்தாதது’, ‘அல்லாதது’ ஆகிய சொற்களில் பாதிப்பேர் விழுவது வெறும் அவசரத்தால். அந்தச் சொல்லை அடிக்கோடிடச் சொன்னாலே போதும்.

‘இவ்விடத்தில் இச்சொல்லின் பொருள் யாது?’ என்ற வினாவைப் பற்றிச் சொன்னால் நீ சிரிப்பாய். நம் பக்கத்து வீடுகளைப் பற்றிய வேறொரு பத்தியில் ‘மூன்றாம் கட்டில் சமையல் நடைபெறும்’ என்று எழுதியிருந்தேன். வெளியூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையன் ஒருவன் ‘கட்டில் – உறங்குவதற்குப் பயன்படுவது’ என்று எழுதிவிட்டு, மூன்று கட்டில்கள் போட்ட வீட்டில் மூன்றாவது கட்டிலின்மேல் அடுப்பு வைத்திருப்பார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டான். அகராதிப்படி அவன் விடை பிழையில்லை. ‘இவ்விடத்தில்’ என்ற ஒரு சொல்தான், முன்னும் பின்னும் உள்ள முகப்பையும் வளவையும் பார்த்து, கட்டு என்பது வீட்டின் ஒரு பகுதி என்று அறியும்படி அவனைக் கேட்கிறது. அவனை அழைத்துப்போய் எங்கள் வீட்டுக் கட்டுகளைக் காட்டினேன். மூன்றாம் கட்டில் என் மனைவி கொடுத்த பணியாரத்தைத் தின்றுவிட்டு, “இப்போது புரிகிறது ஐயா” என்றான்.

மையக்கருத்து எழுதுவது, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குவது ஆகியவை பயிற்சியால் வருபவை. அவற்றுக்காக இப்போது கவலைப்படாதே. உன் பேரனின் பழைய விடைத்தாள்களை, வினாத்தாள்களையும் சேர்த்தே எனக்கு அனுப்பி வை. விடையை மட்டும் பார்த்தால் அவன் எந்தச் சொல்லில் தடுக்கினான் என்று என்னால் சொல்ல முடியாது. பொங்கலுக்கு அவனையும் அழைத்துக்கொண்டு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. இரண்டாம் கட்டு அறையைத் துப்புரவு செய்து வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்