அபராதம் வருமான வழியா?

ஆசிரியருக்கு,

போக்குவரத்து, பார்க்கிங் அபராதங்களை நம்பி நிர்வாகம் நடத்தும் அமெரிக்கச் சிறு நகரங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மிசௌரி மாநிலத்தின் பெர்குசன் நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே காவல் பணி பாதுகாப்பைவிட வருமானத்தையே குறியாகக் கொண்டிருந்தது என்று அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறை 2015-இல் அறிக்கை வெளியிட்டது. நகரங்களின் வருவாயில் இத்தகைய அபராதம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான வரம்பை அதே ஆண்டு அந்த மாநிலம் சட்டம் போட்டுக் குறைத்தது.

நமக்கென்ன என்று இதை விட முடியவில்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அணியாததற்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. உயிர் காக்கும் விதி, சரி. பார்க்கிங் விஷயம் வேறு. இடமே ஒதுக்காமல், நிறுத்தியதற்கு மட்டும் தண்டம் வாங்கினால் அது ஒழுங்குபடுத்துவது ஆகாது. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் உள்ள 'வண்டி நிறுத்தாதீர்' பலகையை வேப்பமரக் கிளை பல மாதங்களாக மூடியிருக்கிறது. கிளையை வெட்ட ஆள் வரவில்லை; வண்டியைத் தூக்கிச் செல்லும் வேன் மட்டும் தவறாமல் வருகிறது! வசூலாகும் பார்க்கிங் அபராதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அறிவிப்புப் பலகைக்கும் வாகன நிறுத்துமிடங்களுக்கும் மட்டுமே செலவிட வேண்டும். எந்தப் பகுதியில் எவ்வளவு வசூல், அங்கே என்ன செய்தார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடவும் அரசு உத்தரவிடலாம்.

- வாசகர், மயிலாப்பூர், சென்னை